போர்னியோ: எந்தப் பக்கம் இறங்குவது?

போர்னியோ என்று விமான டிக்கெட் தேடினால் அப்படி ஓர் ஊர் வராது. கோத்தா கினபாலு, சண்டாகான், கூச்சிங், மிரி, பங்காலான் பூன், பாலிக்பாப்பான், பண்டார் செரி பெகாவான் என்று பெயர்கள் வரும். பலரும் இவற்றில் எது மலிவோ அதைப் போட்டுவிட்டு, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. உலகின் மூன்றாவது பெரிய தீவு இது. ஏறத்தாழ 7,43,000 சதுர கிலோமீட்டர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ரயில் கிடையாது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஆறு மணி நேர பஸ், இல்லையென்றால் மறுபடி விமானம். எங்கே இறங்குகிறீர்களோ அதுதான் உங்கள் போர்னியோ.

மூன்று நாடுகள் இந்தத் தீவைப் பங்கு போட்டிருக்கின்றன. வடக்கில் மலேசியாவின் சபாவும் சரவாக்கும். சரவாக்குக்குள் இரண்டு துண்டாகச் செருகி வைத்தது போலப் புருணை. மீதி, அதாவது நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான நிலம், இந்தோனேசியாவின் கலிமந்தான்.

"இதில் எங்கே காடு நன்றாக இருக்கும்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். காடு எல்லாப் பக்கமும் இருக்கிறது. எல்லாப் பக்கமும் குறைந்துகொண்டும் வருகிறது. கேட்க வேண்டியது வேறு. விலங்கைப் பார்க்க ஆசையா, மனிதர்களோடு உட்கார ஆசையா, உடம்பைப் பிழிந்தெடுக்க ஆசையா? விலங்கு என்றால் சபா. மனிதர்கள் என்றால் சரவாக். உடம்பைப் பிழிய இரண்டிலும் வழி உண்டு. எதற்கும் அவசரப்படாமல் படகில் படுத்துக் கிடக்க ஆசை என்றால் கலிமந்தான். என் முடிவு இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுவது நல்லது.

சபா: சுலபமாகத் தெரியும் விலங்குகள்

சபாவின் கிழக்கில் கினபாத்தாங்கான் ஆறு, நீளம் 560 கிலோமீட்டர். அதன் கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட் என்ற சிற்றூர்களில் தங்கி, விடியலிலும் அந்தியிலும் படகில் போய்வருவதுதான் அங்கே வேலை. இரண்டு நாள் தங்கினால் நீள்மூக்குக் குரங்கைப் பார்க்காமல் திரும்புவது கஷ்டம். சாயங்காலமானால் அவை ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வந்து, குடும்பம் குடும்பமாகக் கிளைகளில் உட்கார்ந்துகொள்ளும். அதன் மூக்கையும் தொப்பையையும் பார்த்துவிட்டு 'மோன்யெட் பெலாண்டா', அதாவது டச்சுக்காரக் குரங்கு, என்று டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியப் பக்கத்து மக்கள் பெயர் வைத்தார்கள். காலனி ஆட்சிக்காரரைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. இருவாச்சிகளில் எட்டு வகை இந்த ஆற்றங்கரையில் உண்டு. முதலை உண்டு. காட்டு ஒராங்குட்டானும், யோகம் இருந்தால் போர்னியோ யானைக் கூட்டமும் கண்ணில் படும்.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு சுலபமாகத் தெரிகின்றன? காரணம் சங்கடமானது. ஆற்றின் இரு கரையிலும் காடு ஒரு நாடாவைப் போலத்தான் எஞ்சியிருக்கிறது. அதற்குப் பின்னால் போனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டம்தான். 2005இல் சரணாலயமாக அறிவித்தபோதே அது துண்டு துண்டான நிலம். ஒதுங்க வேறு இடமில்லாததால் விலங்குகள் ஆற்றோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் கிளையாறுகளின் இரு கரை மரங்களும் மேலே கிளை கோத்து நின்றன, அவை தாவிக் கடந்தன. பெரிய மரங்கள் போனபின் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிப் பாலமாகக் கட்டித் தொங்கவிட வேண்டியதாயிற்று. படகில் போகும்போது தலைக்கு மேல் அப்படி ஒன்று தெரிந்தால், அது ஏதோ சாகச விளையாட்டுக்குக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதனால் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் நாடாவைக் காப்பாற்றுவதில் நம் பணத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துத் தங்குமிடம் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். ஆற்றங்கரையின் மண்ணின் மக்கள் ஓராங் சுங்கை, அதாவது 'ஆற்று மக்கள்'. பாத்து பூத்தே கிராமத்தில் அவர்கள் கூட்டுறவாக நடத்தும் மீசோ வாலாய் என்ற வீட்டுத்தங்கல் இருக்கிறது. மெத்தை சுமார்தான். ஆனால் மரக்கன்று நடப் போகலாம், அவர்கள் சமையலைச் சாப்பிடலாம். பெரிய லாட்ஜ்களில் படகு வசதி கூடுதல், பஃபே உண்டு, பக்கத்து மேசையில் உலகமே உட்கார்ந்திருக்கும்.

கினபாத்தாங்கானுக்கு நேர் எதிர் 'தானும்' என்ற பள்ளத்தாக்கு. லகாட் டத்துவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மண் சாலையில் போக வேண்டும். 438 சதுர கிலோமீட்டர் தொடாத காடு. 2019இல் இங்கேதான் 100.8 மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மெராந்தி மரம் ஒன்றை அளந்து அறிவித்தார்கள். 'மெனாரா', கோபுரம், என்று அதற்குப் பெயர். விலங்குகளும் இங்கே ஏராளம். ஆனால் அவற்றுக்கு ஓடி ஒளிய இடமும் ஏராளம். இரண்டு நாள் நடந்துவிட்டு, அட்டைக்கடியும் வியர்வையும் குரல் மட்டும் கேட்ட கிப்பன் குரங்கும்தான் மிச்சம் என்று திரும்பியவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பயணத்தின் உச்சம் என்று சொல்வார்கள், மீதிப் பேர் காசைக் கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும். தானுமில் சொகுசு லாட்ஜ் ஒன்று, ஆய்வாளர்களுக்கான கள நிலையம் ஒன்று. கள நிலையத்தில் முன்கூட்டிக் கேட்டால் பயணிகளுக்கும் இடம் கிடைக்கும். செலவில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம், காடு ஒரே காடுதான்.

இரவு விலங்குகள் மேல் பித்து உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு மூன்றாவது இடம்: டெராமாக்கோட். இது தேசியப் பூங்கா இல்லை, மரம் வெட்டும் காடு. ஆனால் அளவோடு வெட்டுவதற்காக 1997லேயே சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய காடு. இரவெல்லாம் ஜீப்பில் விளக்கடித்துக்கொண்டு மேகச் சிறுத்தையைத் தேடுபவர்கள் இங்கேதான் வருகிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகும் இடமில்லை.

காண்டாமிருகம் பார்க்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. சபாவில் பாதுகாப்பில் இருந்த தாம் என்ற கடைசி ஆண் 2019 மே மாதத்திலும், ஈமான் என்ற கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை அத்தோடு முடிந்தது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதை நம்பாதீர்கள்.

கினபாலு மலையா, முலுவின் ஊசிப்பாறையா?

உடம்பைப் பிழிகிற கட்சிக்கு இந்த இரண்டில் ஒன்று. முதலாவது சபாவில், இரண்டாவது சரவாக்கில்.

கினபாலு 4,095 மீட்டர். திம்போகோன் வாயிலில் ஏற ஆரம்பித்து, 3,272 மீட்டரில் பானாலாபானில் சாப்பிட்டுப் படுத்து, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் எழுந்து உச்சிக்குப் போவது வழக்கம். மொத்த ஏற்றம் 9 கிலோமீட்டருக்குள்தான். பாறை ஏறும் வித்தை எதுவும் தேவையில்லை, முழங்கால்தான் தேவை. இறங்கும்போது அது உங்களிடம் பேசும். வழிகாட்டி கட்டாயம், நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. போர்னியோ பயணத்தின் மிகப் பெரிய ஒற்றைச் செலவுகளில் இது ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஜூன் 5 அன்று வந்த 6.0 ரிக்டர் நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். மலையடிவாரத்து கடசான், டூசுன் மக்களுக்கு இது வெறும் மலை இல்லை. இறந்தவர்களின் ஆவிகள் போய்ச் சேரும் இடம், 'ஆக்கி நபாலு'. உச்சியில் சட்டையைக் கழற்றிப் படமெடுப்பது, கத்துவது எல்லாம் அங்கே குறும்பாகக் கருதப்படுவதில்லை.

முலு தேசியப் பூங்காவில் உள்ளது வேறு மாதிரி. சுண்ணாம்புக்கல் ஊசிகள், சில 45 மீட்டர் உயரம், குனுங் ஆப்பி மலையின் சரிவில் காட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பார்க்க மூன்று நாள், இரண்டு இரவு. முதல் நாள் படகிலும், பின்பு 9 கிலோமீட்டர் சமதளக் காட்டில் நடந்தும் 'கேம்ப் 5' போக வேண்டும். மறுநாள் ஏற்றம் வெறும் 2.4 கிலோமீட்டர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த 2.4 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கடைசிப் பகுதியில் கயிறும் இரும்பேணியும்தான் பாதை. குறித்த நேரத்துக்குள் ஒரு கட்டத்தைத் தாண்டாவிட்டால் வழிகாட்டி தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதைக் கேட்பது நல்லது, இறங்குவதற்கும் ஏறிய நேரமே ஆகும்.

இரண்டில் என் ஓட்டு முலுவுக்கு. கினபாலுவில் நீங்கள் ஒரு வரிசையில் ஏறுகிறீர்கள். முலுவில் ஏறி முடித்தபின்னும் மிச்சம் இருக்கிறது. மான் குகையிலிருந்து அந்திப்பொழுதில் முப்பது லட்சம் வௌவால்கள் கயிறு திரித்தது போல வளைந்து வளைந்து வெளியே வருவதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். மழை வந்தால் மட்டும் அவை வர மறுக்கும், அதற்காக ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும். பரப்பில் உலகத்திலேயே மிகப் பெரிய குகை அறை என்று சொல்லப்படும் சரவாக் அறையும் இங்கேதான். 1981இல் கண்டுபிடித்தார்கள், நீளம் 600 மீட்டர், அகலம் 400 மீட்டருக்கு மேல். அதற்குள் போக நல்ல குகை அனுபவம் வேண்டும். மற்றவர்களுக்குப் பலகைப் பாதை போட்ட குகைகள் போதும். முதியவர்கள்கூட மெதுவாக நடந்து பார்க்கலாம். ஒரே குடும்பத்தில் ஏறுகிறவரும் ஏறாதவரும் இருந்தால் முலுவைப் போல வசதி வேறெங்கும் இல்லை.

சரவாக்: கதவுக் கணக்கில் ஊர்

ஈபான் மக்களின் நீண்ட வீட்டை எத்தனை மீட்டர் என்று சொல்வதில்லை, எத்தனை கதவு என்று சொல்வார்கள். இருபது கதவு வீடு என்றால் இருபது குடும்பம். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் அறை, 'பிலிக்'. எல்லாக் கதவுக்கும் முன்னால் வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடும் பொதுத் திண்ணை, 'ருவாய்'. பாய் முடைவது, நெல் காய்ந்ததும் அள்ளுவது, விருந்தாளியை உட்கார வைத்து 'துவாக்' என்ற அரிசிக் கள் ஊற்றுவது எல்லாம் திண்ணையில்தான். சரவாக்கில் எண்ணிக்கையில் பெரிய இனம் ஈபான். பிடாயு, கயான், கென்யா, கெலாபிட், பெனான் என்று வேறு பல இனங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மொழி வேறு, வீடு வேறு.

இங்கே தேர்வு மூன்று படி.

முதல் படி, கூச்சிங்குக்குப் பக்கத்தில் சந்துபோங்கில் இருக்கும் சரவாக் பண்பாட்டுக் கிராமம். ஒவ்வோர் இனத்தின் வீட்டையும் கட்டி வைத்து, உள்ளே ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். "இது நிஜமில்லை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். அரை நாளில் யார் யார் என்று புரிந்துவிடும். நிஜ வீட்டுக்குப் போய் அசட்டுக் கேள்வி கேட்காமல் தப்பிக்கலாம். 2022இல் கூச்சிங்கில் திறந்த போர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகமும் அதே காரியத்தை இன்னும் நன்றாகச் செய்கிறது.

இரண்டாம் படி, அன்னா ராய்ஸ் போன்ற பிடாயு நீண்ட வீடு. கூச்சிங்கிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூங்கில் தளம், தலைவேட்டைக் காலத்துப் பழைய மண்டையோடுகள் தொங்கும் கூடம், வாசலில் டிக்கெட். ஆனால் அங்கே மக்கள் நிஜமாகவே குடியிருக்கிறார்கள். நாள் குறைவாக இருப்பவர்களுக்கு இது சரி.

மூன்றாம் படி பாத்தாங் ஆய் ஆற்றுப் பகுதி. கூச்சிங்கிலிருந்து நான்கு, ஐந்து மணி நேரச் சாலை, அப்புறம் நீண்ட படகு. படகு முதலில் கடக்கும் பெரிய ஏரியைப் பார்த்து மயங்காதவர் கிடையாது. அது இயற்கை ஏரி இல்லை. 1985இல் முடிந்த நீர்மின் அணைக்காக ஈபான் நிலங்களும் வீடுகளும் மூழ்கிய இடம். அணைக்கு மேலே ஆற்றோரம் மிஞ்சிய நீண்ட வீடுகளுக்குத்தான் நாம் போகிறோம். போகும்போது வழிகாட்டி சொல்கிற அன்பளிப்பை வாங்கிக்கொண்டு போங்கள். அதை வீட்டுத் தலைவரான 'துவாய் ருமா'விடம் கொடுத்தால் எல்லாக் கதவுக்கும் சமமாகப் பிரித்துவிடுவார். நீங்களே ஒரு குழந்தைக்கு மட்டும் மிட்டாய் நீட்டுவது வேண்டாத வேலை. துவாக் குடிக்காதவர்கள் கிண்ண விளிம்பை விரலால் தொட்டு உதட்டில் வைத்தால் மரியாதை நிறைந்துவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே தகரக் கூரை, டி.வி., கைபேசி எல்லாம் இருக்கும். இளைஞர்கள் பாதிப் பேர் நகரத்தில் இருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்பவர்கள் ஈபான் மக்களைப் பற்றி ஒன்றும் படிக்காமல் போனவர்கள். ஊரை விட்டுப் போவது அவர்களுக்குப் புதிதில்லை. வாலிபன் வெளியூர் சுற்றி, வேலை செய்து, அனுபவத்தோடு திரும்புவதற்கு 'பெஜாலாய்' என்று பெயர், பழைய வழக்கம். கிளம்பும் பையனின் தோளில் கத்தரிப் பூவைப் பச்சை குத்துவார்கள். சாகசப் பயணம் என்று நாம் டிக்கெட் போட்டுப் போகிற ஊரில், அதற்குச் சடங்கே வைத்திருந்தவர்கள் அவர்கள். பெண்களுக்கு வேறு சாகசம். 'புவா கும்பு' என்ற நெசவுத் துணியின் வடிவங்கள் கனவில் கிடைக்க வேண்டும், சாயமிடும் சடங்குக்குப் 'பெண்களின் போர்' என்று பெயர். அந்தத் துணியை வாங்கினால் பேரம் பேசும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கையில் இருப்பவர்களுக்கு பாரியோ. ஆயிரம் மீட்டருக்கு மேல் கெலாபிட் மக்களின் மேட்டுநிலம். குளிர், நெல்வயல், அன்னாசி, உப்பூற்றுத் தண்ணீரைக் காய்ச்சி இலையில் பொதிந்து தரும் உப்பு. மிரியிலிருந்து சின்ன விமானம். பெட்டியோடு சேர்த்து உங்களையும் தராசில் நிறுத்துவார்கள், கூச்சப்படாமல் ஏறுங்கள். 1945 மார்ச்சில் ஜப்பானியருக்கு எதிராகக் கெலாபிட் மக்களைத் திரட்ட டாம் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ்காரர் பாராசூட்டில் குதித்தது இங்கேதான். அதே ஆள்தான் பின்னால் சரவாக் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்று நியா குகையில் தோண்டினார். 1958இல் அங்கே கிடைத்த மண்டையோட்டுக்கு ஏறக்குறைய 40,000 வயது. மிரியில் தங்குகிறவர்கள் ஒரே பகலில் நியாவைப் பார்த்துவிட்டு வரலாம்; 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

விலங்குக்குச் சரவாக்கில் பாக்கோ போதும். 27 சதுர கிலோமீட்டர்தான், 1957இலிருந்து தேசியப் பூங்கா. கூச்சிங்கிலிருந்து பஸ், அப்புறம் அலை பார்த்துப் படகு. நீள்மூக்குக் குரங்கும் தாடிப் பன்றியும் தங்குமிடத்து வாசலிலேயே நிற்கும். யானைக்கு மட்டும் சபாதான் போக வேண்டும்.

கூச்சிங் பக்கம் போகிற தமிழருக்கு இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்கார ராஜாக்களான புரூக் குடும்பம் ஆண்ட காலத்தில், மாத்தாங் மலையில் தேயிலை, காப்பித் தோட்டம் போடத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். தோட்டம் போய்விட்டது, காடு மூடிக்கொண்டது. அவர்கள் மலைமேல் எழுப்பிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. படி ஏற அரை நாள் ஒதுக்குங்கள்.

கலிமந்தான்: படகே வீடு

பங்காலான் பூனில் இறங்கி, குமாய் துறைமுகத்தில் 'குளோத்தோக்' ஏறினால் மூன்று நாள் கால் தரையில் படுவது கொஞ்சம்தான். குளோத்தோக் என்பது இரண்டு தட்டு மரப் படகு; இன்ஜின் போடும் சத்தமே பெயராகிவிட்டது. படகோட்டி, சமையல்காரர், வழிகாட்டி மூவரும் கூடவே வருவார்கள். இரவு மேல்தட்டில் மெத்தை போட்டுக் கொசுவலை கட்டிக்கொடுப்பார்கள். செக்கோன்யெர் ஆற்றில் பழுப்பு நீரில் போய், ஒரு கிளையில் திரும்பியதும் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். அந்தக் கிளையின் கோடியில் கேம்ப் லீக்கி. பிருத்தே கால்டிகாஸ் 1971இல் ஒராங்குட்டான்களை ஆராயத் தொடங்கிய இடம்.

கலிமந்தானின் கொக்கி, அங்கே போவதற்கே ஆகும் நாள். ஜகார்த்தா அல்லது சுரபாயா வழியாக வர வேண்டும். போகவர இரண்டு நாள் கழிந்துவிடும். அப்புறம் புகை. வறண்ட ஆண்டுகளில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கரிமண் சதுப்பு எரியும். 2015இலும் 2019இலும் வானமே தெரியாமல் மூடிப்போனது. அந்த மாதங்களில் போக வேண்டியிருந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கிற ஏற்பாடாகப் பாருங்கள்.

படகில் படுத்துக் கிடக்கப் பிடித்துப்போனால் கிழக்கே மகாகாம் ஆறு இருக்கிறது. அது இன்னும் நீளமான, இன்னும் கரடுமுரடான பயணம். அதன் கரையில் மூவாரா காமானில் கிடைத்தவைதான் மூலவர்மன் என்ற மன்னனின் ஏழு யூபக் கல்தூண்கள், அதாவது வேள்வித் தூண்கள். ஏறக்குறைய கி.பி. 400. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ வகை. அசல் தூண்கள் ஜகார்த்தாவில். தெங்காரோங் அருங்காட்சியகத்தில் நகல் உண்டு. மத்திய கலிமந்தானில் வாழும் ஙாஜு டயாக் மக்களின் மூதாதையர் வழிபாடான கஹாரிங்கான், 1980 முதல் அரசுக் கணக்கில் 'இந்து கஹாரிங்கான்'. அங்கீகரிக்கப்பட்ட மதங்களில் ஒன்றுக்குள் நின்றால்தான் காகிதத்தில் இடம் என்பதால் வந்த ஏற்பாடு. இறந்தவரின் எலும்பைத் தோண்டியெடுத்து மறுபடி வைக்கும் அவர்களது 'திவா' சடங்கைப் பார்த்தால் பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

புருணையைத் தனியாக எடைபோட வேண்டியதில்லை. உலு தெம்புரோங் காடு அருமையாக இருக்கிறது, மர உச்சிக்கு மேல் நடைபாதை உண்டு, 2020இல் திறந்த 30 கிலோமீட்டர் பாலத்தால் தலைநகரிலிருந்து போவதும் சுலபம். மது விற்பனை கிடையாது, இரவில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். மிரியிலிருந்து சபாவுக்குத் தரைவழியாகப் போகிறவர்கள் வழியில் ஓரிரு நாள் நிற்கலாம். பாஸ்போர்ட்டில் மட்டும் காலிப் பக்கம் நிறைய வேண்டும், எல்லை அத்தனை முறை குறுக்கிடும்.

ஒராங்குட்டான் எங்கே?

இதற்கு மட்டும் நேரான பதில் தரலாம். செப்பிலோக் (சபா, 1964 முதல்), செமெங்கோ (சரவாக், 1975 முதல்), கேம்ப் லீக்கி மூன்றும் மறுவாழ்வு இடங்கள். கூண்டிலிருந்தோ வீடுகளிலிருந்தோ மீட்ட குரங்குகளும் அவற்றின் பிள்ளைகளும் காட்டில் திரியும். குறித்த நேரத்துக்குப் பலகையில் பழம் வைத்தால் வரும், அல்லது வராது. காட்டில் பழக் காலம் என்றால் செமெங்கோவில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காமல் போகலாம். வராத நாளில் அலுத்துக்கொள்வதா? அவை தாமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டன என்றுதானே அர்த்தம். செப்பிலோக்கில் கூட்டம் அதிகம். பக்கத்திலேயே சூரியக் கரடிகளின் காப்பகமும் இருப்பதால் அந்தப் பகல் வீணாகாது. கேம்ப் லீக்கியில் அவை படகுத்துறைக்கே வந்து நிற்கும், அருகில் பார்க்க அதுதான் இடம். யாரும் பழம் வைக்காத ஒராங்குட்டானைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கினபாத்தாங்கானும் தானுமும்.

சில்லறை விஷயங்கள்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கனமழை. படகும் விமானமும் பாதியில் நின்றுபோகும். மே கடைசி, ஜூன் முதல் நாட்களில் போக முடிந்தால் விடாதீர்கள். சபாவில் மே 30, 31 'காமாத்தான்' அறுவடைத் திருநாள், சரவாக்கில் ஜூன் 1 'காவாய்'. ஈபான் வீட்டில் காவாய்க்கு இருந்தவர்கள் மறுநாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள்.

சபாவும் சரவாக்கும் குடிநுழைவில் தனி அதிகாரம் உள்ளவை. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் கூச்சிங்கில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சபாவின் கிழக்குக் கடலோரத்துக்கு, ஆள்கடத்தல் நடந்த வரலாற்றால், சில நாடுகள் எச்சரிக்கை வெளியிடுகின்றன. கினபாத்தாங்கான், சிப்பாடான் தீவு பக்கம் போகிறவர்கள் காப்பீடு அந்தப் பகுதிக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் ஒரு வகை மலேரியா இங்கே உண்டு, மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோயும் இருக்கிறது, நாயைக் கொஞ்சாதீர்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. 'மிடின்' என்ற காட்டுப் பெரணிக் கீரை சரவாக்கில் அவ்வளவு ருசி. ஆனால் 'கீரைதான்' என்று சொல்லிக்கொண்டே பெலாச்சான் என்ற இறால் விழுதைப் போட்டு வதக்கிவிடுவார்கள். ஆர்டர் பண்ணும்போதே பெலாச்சான் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஐந்து நாள்தான் என்றால் சண்டாகானில் இறங்கி, செப்பிலோக்கும் கினபாத்தாங்கானும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், மலை வேண்டாம். குழந்தைகளோடும் அதுவே. நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், கையில் ஒரு வாரமும் இருந்தால், குளோத்தோக். எட்டு முதல் பத்து நாள் இருக்கிறது, காடும் வேண்டும் மனிதரும் வேண்டும், மறுபடி வருவோமா என்று தெரியாது என்றால், யோசிக்காமல் சரவாக்: கூச்சிங்கில் இறங்கி பாக்கோ, பாத்தாங் ஆய், பின்பு மிரி வழியாக முலு. யானை கிடைக்காது, தெரிந்தே விடுங்கள். முலுவுக்கு விமானத்தை விட்டால் வேறு சரியான வழி இல்லை, சின்ன விமானம், இருக்கை சீக்கிரம் தீரும். ஊசிப்பாறைக்கும் கேம்ப் 5இல் படுக்கை இருந்தால்தான் அனுமதி. ஆகவே முதலில் பூங்காவில் தேதி கேளுங்கள், அப்புறம் முலு விமானம், கூச்சிங் டிக்கெட் கடைசியில்.